கிளாத்தியின் நடுத்துண்டு

ஜனவரி 30, வியாழன்

இந்த டைரி அவருடையது. நாட்டுப்படகுச் சங்கத்தில் புது வருசத்துக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் தன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார், தொம்மை மிக்கேல் என்று. அதற்குப் பிறகு ஒரு எழுத்து இல்லை. மனிதர் வாயும் அப்படித்தான்.

மடத்துச் சிஸ்டர் பெர்பெத்துவா வந்திருந்தார். "அழுகை வரலைன்னா எழுது அமலோற்பவம். எதையாவது எழுது" என்றார். நான் ஐந்தாவதில் பாதி வரை படித்தவள். மீதிப் பாதியில் தங்கச்சி பிறந்துவிட்டாள், தொட்டில் ஆட்டப் போய்விட்டேன். எழுத்து கோணும். கோணட்டும்.

இன்று வாசல் கூட்டினேன். தண்ணீர் பிடித்தேன். சோறு பொங்கினேன். குழம்பு வைக்கவில்லை. சட்டி இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதினால் பாரம் குறையும் என்று சிஸ்டர் சொன்னார். சரி.

போன வாரம் செவ்வாய், 21ஆம் தேதி, அவர் கிளாத்தி மீன் கொண்டுவந்தார். கிளாத்தி பார்க்க லட்சணமாக இருக்காது. தோல் உப்புத்தாள் மாதிரி இருக்கும். உரித்துவிட்டால் உள்ளே இருக்கும் சதைக்குக் கோழிக்கறி தோற்கும். குழம்பு வைத்தேன். எனக்கு அன்று அந்தோணியார் செவ்வாய், ஒருசந்தி, மீன் தொட மாட்டேன். அவருக்குக் கொஞ்ச நாளாக நெஞ்சுக்கரிப்பு, நாலு எட்டு நடந்தால் மூச்சு முட்டும். வாயு என்பார். அது தீரத்தான் பதின்மூன்று செவ்வாய் நேர்ச்சை வைத்திருந்தேன். அன்று எட்டாவது செவ்வாய்.

நடுத்துண்டை அவர் தட்டில் வைத்தேன். என்றைக்கும் நடுத்துண்டு அவருக்குத்தான். "உனக்கு?" என்று கேட்டார். இருபத்தாறு வருசத்தில் கேட்காத மனிதர். ஒருசந்தி என்றேன்.

தோலையும் முள்ளையும் பிலாத்து தின்றது. பிலாத்து எங்கள் பூனை. ஏசுவைச் சாகக் கொடுத்துவிட்டுக் கை கழுவின பிலாத்து மாதிரி எந்நேரமும் கை கழுவிக்கொண்டே இருக்கும், அதனால் அவர் வைத்த பெயர்.

சாப்பிட்டுப் படுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு வாந்தி. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

வரிசையாக எழுதிவிட்டேன். பாரம் அங்கேயேதான் இருக்கிறது. சிஸ்டரிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனேன். சாளை, கொஞ்சம் ஊளி. நன்றாக இருந்தது. ஒருத்தரும் வாங்கவில்லை.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அடக்கத்தன்று அவர் தங்கச்சி ஜெனோவா கல்லறைத் தோட்டத்திலேயே, "கிளாத்திய ஆக்கிக் குடுத்து எங்க அண்ணனைக் கொன்னு போட்டுட்டாளே" என்று மாரடித்தாள். ஜெனோவாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கூட்டத்தில் யாரோ மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, மிச்சக் குழம்போடு சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பின்னாடியே ஒரு பேப்பர்காரத் தம்பி வந்தான். மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்து: "கிளாத்தி மீனில் விஷம்: மீனவர் பலி." அதற்குக் கீழே சின்னதாக, "பூனையும் மாயம்."

பூனை மாயம் என்பது மட்டும் உண்மை. அன்றிலிருந்து பிலாத்து வரவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டு பீரோவுக்குள் இருக்கிறது. பேப்பர் டீக்கடையில் தொங்குகிறது. எதை ஊர் படிக்கும்? அன்றிலிருந்து கிளாத்தியை ஒருத்தரும் தொடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விற்கும் சவேரியம்மா கூடையை நகர்த்திக்கொண்டு, "ஏளா, நீ கொஞ்சம் அந்தால தள்ளி உக்காரு. ஒன்னைப் பாத்தா என் நண்டையும் வாங்க மாட்டேங்காக" என்றாள். தள்ளித் தள்ளி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டேன். அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாளையைக் கருவாடு போட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன், சட்டியை வாங்க. சட்டிக்காக மட்டும்தான். பழகின சட்டி, புதுச்சட்டி வாங்கிப் பழக்குவது லேசு இல்லை.

டாக்டரம்மா பெயர் தமயந்தி. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். கண்ணாடிக் குடுவைக்கு நடுவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் ஆராய்ச்சி பண்ணுகிறவர் மீனே சாப்பிட மாட்டாராம்! சைவமாம். சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

"சட்டி வேணும் டாக்டரம்மா."

"அது இன்னும் கணக்குல இருக்குதுங்க அக்கா. அறிக்கைல கையெழுத்து ஆனதும் குடுத்துர்றனுங்க."

"சட்டிக்கு என்னத்துக்குக் கையெழுத்து? அதுல என்ன இருந்துச்சுன்னு பாத்தாச்சா?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "பாத்தாச்சுங்க. ஆனா சொல்லக்கூடாதுங்க. பேப்பர்ல அப்படி வந்த பிறகு, மேல இருந்து கையெழுத்து வர்ற வரைக்கும் யாருகிட்டயும் வாயே தெறக்கக்கூடாதுன்னு உத்தரவுங்க."

"நான் பேப்பரா?"

"நீங்க வெளிய போய்ச் சொல்லுவீங்க. அதை அவன் எழுதுவான். நான் சொன்னது ஒண்ணு, அவன் எழுதுனது ஒண்ணுங்க. இனிமே அந்த ஆளு போன் பண்ணா எடுக்கறதே இல்ல."

சட்டி கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏறின பிறகுதான் குடையை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது. வெயில் அதிகம்.

பிப்ரவரி 7, வெள்ளி

பேப்பர் ஆபீசுக்குப் போனேன். மாடி. பேப்பர்காரத் தம்பி பெயர் சுடலைமணி. வயது முப்பதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. சட்டைப் பொத்தான் இல்லாததிலேயே தெரிந்தது.

"யக்கா, நான் எழுதுனது வேற" என்று போனைத் திறந்து காட்டினான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். டாக்டரம்மா சொன்னதாக மூன்று வரி இருந்தது. முதல் வரி: இன்னும் பரிசோதனை செய்யவில்லை. இரண்டாவது: இந்த மீன் கூட்டத்தில் பேத்தை போன்ற சில மீன்களுக்கு விஷம் உண்டு. மூன்றாவது: முடிவு வந்த பிறகே எதுவும் சொல்ல முடியும்.

"பொறவு?"

"கடைசி நேரத்துல நகைக்கடை விளம்பரம் வந்துட்டு. இடம் பத்தல. உள்ள உக்காந்து பக்கம் போடுதவங்க மேலயும் கீழயும் வெட்டிட்டாங்க. தலைப்பும் அவங்க வச்சதுதான்."

"தலையையும் வாலையும் வெட்டிட்டு நடுத்துண்டை மட்டும் வச்சிட்டிய."

"ஆமாக்கா."

"மீனுக்கு அது சரி. மனுசி பேச்சுக்குமா?"

தலையைச் சொறிந்தான். "அந்தம்மாவும் லேசுப்பட்டவங்க இல்லக்கா. ஒரு வார்த்தை சரிபாக்கலாம்னு போன் போட்டா எடுக்க மாட்டாங்க. மெயில் போடுங்காங்க. போட்டேன். பேப்பர் வந்த மறுநாள் பதில் வருது, நாலு பக்கம். அதுல ஒரு முற்றுப்புள்ளியைத் தேடித்தேடி நான் டீ குடிக்கப் போயிட்டேன்."

"சரி, இப்பவாது போய் முடிவு என்னன்னு கேட்டு எழுதலாமே?"

"நேத்துச் செய்தியை இன்னைக்கு யாருக்கா படிப்பா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் மேசை மேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு வந்தேன். முழுவதையும்.

பிப்ரவரி 10, திங்கள்

ஜெனோவா தெருவில் என்னைப் பார்த்து எதிர்ச்சாரிக்குப் போனாள். எதிர்ச்சாரியில் சாக்கடை. அவள் பாடு.

பிப்ரவரி 12, புதன்

பிலாத்து கிடைத்துவிட்டது!

வலைக்கூடத்துக்குப் பின்னால், பழைய வலைக் குவியலுக்குள் கிடந்தது. மூன்று குட்டியோடு. இத்தனை நாளும் நாங்கள் அதைக் கடுவன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இல்லை, அவர் சத்தமாகச் சிரிக்க மாட்டார். தோள் மட்டும் குலுங்கும்.

கிளாத்தித் தோலும் முள்ளும் தின்ற பூனை உயிரோடு இருக்கிறது, பாலும் கொடுக்கிறது. மீன் கூடைக்குள் தாயையும் பிள்ளைகளையும் வைத்துத் துணி போட்டுக் கட்டி, பஸ்ஸில் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர், "யம்மா, மீன் கத்துது" என்றான். "பச்சை மீனுய்யா" என்றேன்.

டாக்டரம்மா பார்த்து மகிழ்ந்தார். ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒரு பூனையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க அக்கா. எவ்வளவு தின்னுச்சு, எந்தப் பாகம் தின்னுச்சு, ஒண்ணும் தெரியாதுல்லங்க?"

சுடலைமணிக்குப் போன் போட்டேன். "பூனை இருக்கா? குட்டியோடவா? போட்டோ எடுத்து அனுப்புக்கா! செத்த பூனை குட்டி போட்டதுன்னு முதல் பக்கத்துலயே போடலாம்!"

ஒருத்தருக்கு ஒரு பூனை போதாது. இன்னொருத்தருக்கு ஒரு பூனையே மிச்சம். இவர்கள் இரண்டு பேரையும் ஒரே கூடையில் போட்டுத் துணி கட்டினால்தான் சரி என்று அப்போதே நினைத்தேன்.

குடையை வாங்கி வந்துவிட்டேன். சட்டி இன்னும் அங்கேதான்.

பிப்ரவரி 17, திங்கள்

வியாழக்கிழமை முப்பதாம் நாள். காலையில் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. இன்று இரண்டு பொய் சொன்னேன்.

முதல் பொய், டாக்டரம்மாவுக்கு: "முப்பதாம் நாளுக்குப் பேப்பர் தம்பி வாரான். ஆராய்ச்சி நிலையம் உண்மையை மூடி மறைக்குதுன்னு பெருசா எழுதப் போறானாம். நீங்க வந்து நாலு வார்த்தை கேட்டா நல்லது."

இரண்டாவது, சுடலைமணிக்கு: "டாக்டரம்மா முடிவைக் கையில எடுத்துட்டு வாராகளாம். வேற பேப்பர்ல இருந்து ஒரு பிள்ளை வந்து வாங்கிட்டுப் போகுதாம். எனக்கென்ன, சொன்னேன்."

ஒருத்தருக்குப் பேப்பர் மேல் பயம், இன்னொருத்தனுக்கு இன்னொரு பேப்பர் மேல் பயம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவேன். ஆனால் வியாழனுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் சொன்னால், போய்த் திருத்தச் சொல்லிவிடுவார்.

பிப்ரவரி 20, வியாழன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுத வேண்டும்.

பூசைக்கு வந்தவர்கள் பாதிப்பேர் சாப்பாட்டுக்கு வரவில்லை. என் வீட்டில் சாப்பிடப் பயம். ஜெனோவா வந்தாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். ஆட்டுக்கறி சோறுதான் போட்டேன். டாக்டரம்மாவுக்குத் தனியாகச் சாம்பார்.

முதலில் டாக்டரம்மா வந்தார், கையில் பையோடு. அடுத்து சுடலைமணி வியர்த்து விறுவிறுத்து வந்தான். வந்ததும், "எங்க அந்தப் பிள்ளை?" என்றான்.

"எந்தப் பிள்ளைங்க?" என்றார் டாக்டரம்மா. "நீங்க என்னங்க எழுதப் போறீங்க? நாங்க எதை மூடி மறைச்சோம்?"

"நான் எங்க எழுதுதேன்?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்பளம் பொரிக்கப் போனேன்.

திரும்பி வரும்போது சண்டை முற்றியிருந்தது. "நான் சொன்னது மூணு வரிங்க, நீங்க போட்டது ஒண்ணு" என்கிறார் அவர். "நீங்க போனை எடுத்திருந்தா மூணையும் ஒரே வரியா எழுதியிருப்பேன், எவனும் வெட்டியிருக்க முடியாது" என்கிறான் இவன். "தலைப்பு வெக்கறதுக்கு முன்னாடி கேக்க மாட்டீங்களா?" "கேட்டா நீங்க ஒரு மாசம் கழிச்சு நாலு பக்கம் அனுப்புவிய!" பந்தியில் இருந்தவர்கள் கறியை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள்.

"ஒக்காருங்க ரெண்டு பேரும்" என்றேன். உட்கார்ந்தார்கள். இலை போட்டேன். இலை போட்டபின் எழுந்து போக முடியாது, அது மரியாதை இல்லை. அதற்காகத்தான் போட்டேன்.

"டாக்டரம்மா, குழம்புல என்ன இருந்துச்சு?"

"மேல இருந்து கையெழுத்து நேத்துதாங்க வந்துச்சு. தபால்ல உங்களுக்கு வரும்."

"தபால்காரன் சாப்பாட்டுக்கு வரல. நீங்கதான் வந்திருக்கிய. சொல்லுங்க."

அவர் பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார். கொடுக்கப்பட்ட மாதிரியில், பயன்படுத்தப்பட்ட முறையில், கண்டறியும் எல்லைக்கு உட்பட்டு... எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

சுடலைமணி குறுக்கே புகுந்தான். "இதை எப்படிங்க எழுத? விஷம் இல்லன்னு போடவா?"

"அப்படிப் போடக்கூடாதுங்க. ஊர்ல இருக்கற அத்தனை கிளாத்தியையும் நான் பாக்கல."

"அப்ப விஷம் இருக்கலாம்னு போடவா?"

"அய்யோ!"

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"டாக்டரம்மா. கடலை விடுங்க. ஊரை விடுங்க. அன்னைக்கு அவுக தட்டுல நான் வச்ச துண்டு. அது அவுகளைக் கொன்னுச்சா, இல்லையா?"

நிலைப்படியில் சாய்ந்திருந்த ஜெனோவா நிமிர்ந்தாள். டாக்டரம்மா தாளை மடித்துக் கீழே வைத்தார்.

"இல்லைங்க அக்கா. உங்க சட்டில விஷம் எதுவும் இல்லை. பேத்தை விஷத்துக்கும் பாத்தோம், அதுவும் இல்லை. நானே ரெண்டு தடவை பாத்தனுங்க. உங்க குழம்பு அவரைக் கொல்லலைங்க."

"நிச்சயமா?"

"உங்க சட்டிக்கு நிச்சயமாங்க."

சாம்பார் ஊற்றினேன். கொஞ்சம் இலைக்கு வெளியே போய்விட்டது.

சுடலைமணி மெதுவாகச் சொன்னான். "இதையே எழுதலாம். இப்ப நீங்க சொன்னீங்களே, இதையே. அந்தக் குடும்பத்துச் சட்டியில இல்ல. ஊரு மீனு அத்தனையும் பாக்கல. ஆஸ்பத்திரி சொன்னது மாரடைப்பு. நீங்க சொன்னதை எனக்குச் சொன்னமாதிரியே சொல்லாம, இந்த அக்காவுக்குச் சொன்னமாதிரி சொல்லுங்க."

பிறகு இரண்டு பேரும் அங்கேயே எழுதினார்கள். இலையை எடுத்த இடத்தில் தாளை வைத்து எழுதினார்கள். ஒவ்வொரு வரியையும் என்னிடம் படித்துக் காட்டச் சொன்னேன். எனக்குப் புரியாத வரியை அவன் உடைத்தான், உடைத்ததில் பொய் வந்தால் அவர் ஒட்டினார். தலைப்புக்குத்தான் ரொம்ப நேரம். "கிளாத்தியில் விஷம் இல்லை" என்றான் அவன். "சோதித்த கிளாத்தியில்" என்றார் அவர். "அந்த 'சோதித்த'வை உள்ள வெட்டிருவாங்க, நீளம்" என்றான். "வெட்டினா நான் பேசவே மாட்டனுங்க" என்றார். "வெட்ட விட மாட்டேன், நானே அவங்க பக்கத்துல உக்காருதேன். நீங்க நான் போன் பண்ணா எடுக்கணும்" என்றான். "ராத்திரி பன்னண்டு மணிக்கு முன்னாடின்னா எடுக்கறனுங்க" என்றார்.

போகும்போது டாக்டரம்மா பையிலிருந்து என் சட்டியை எடுத்துக் கொடுத்தார். ஆய்வகத்தில் தேய்த்துத் தேய்த்துப் புதுச்சட்டி போல ஆக்கிவிட்டார்கள். இருபது வருசம் பழக்கின சட்டி. படித்தவர்களுக்கு இந்த ஒன்று தெரியவில்லை. கொடுத்ததே பெரிது.

ஜெனோவா எப்போது போனாள் என்று பார்க்கவில்லை. அவள் நின்ற இடத்தில் ஒரு வெறும் தம்ளர் இருந்தது. தண்ணீர் எடுத்துக் குடித்திருக்கிறாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

பேப்பரில் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். விளம்பரத்திலும் இல்லை.

பிப்ரவரி 22, சனி

மூன்றாம் பக்கம். கீழே. "சோதித்த கிளாத்தியில் விஷம் இல்லை." சோதித்த என்பது இருக்கிறது. அதற்கு இடம் பண்ண, யாரோ ஒருவர் குத்துவிளக்கு ஏற்றும் படத்தை எடுத்துவிட்டார்களாம். அந்த ஆள் சுடலைமணிக்குப் போன் போட்டுத் திட்டினாராம். கடைசி வரி, "பூனை நலம்." அதற்கும் டாக்டரம்மா ஒத்துக்கொண்டாராம். கண்ணால் பார்த்தது, அதனால் பரவாயில்லையாம்.

விஷம் என்று போட்டது முதல் பக்கத்தில், இல்லை என்று போட்டது மூன்றாம் பக்கத்தில். சுடலைமணியைப் போனில் கேட்டேன். "அதுக்கு இன்னும் நாலு முப்பதாம் நாள் சாப்பாடு போடணும்க்கா" என்றான். அவனுக்குக் கொழுப்பு. பொத்தான் தைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பேப்பரைக் கத்தரித்து ஆஸ்பத்திரிச் சீட்டுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. டீக்கடைக்கு எடுத்துப்போய், பழைய பேப்பர் தொங்கிய கம்பியில் நானே மாட்டினேன்.

பாவசங்கீர்த்தனமும் முடிந்தது. இரண்டு பொய்க்கும் சேர்த்து ஒரு ஜெபமாலைதான். சாமியாரும் பேப்பர் படிக்கிறார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சவேரியம்மா, "ஏளா, எதுக்கு அங்கன போய் உக்காந்திருக்க? இங்க வா" என்றாள். போனேன். மதியத்துக்குள் கூடை பாதி காலி. கிளாத்தி இரண்டு மட்டும் மிச்சம். ஊர் பேப்பரைப் படித்துவிட்டது, நாக்கு இன்னும் படிக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து தோலை உரித்தேன். அந்தச் சட்டியிலேயே குழம்பு வைத்தேன். இன்று செவ்வாய், ஒருசந்தி நாள். யாருக்காக நேர்ந்தேனோ அவர் இல்லை. படத்தில் இருந்த அந்தோணியாரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கொதிக்கும்போது ஜெனோவா வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கிண்ணம்.

"மதினி, மணம் எங்க வீடு வரைக்கும் வருது."

"சோதிச்ச மீனு இல்லளா இது" என்றேன்.

"ஊத்தும் மதினி."

ஊற்றினேன். அவளுக்கு வால் துண்டு. தோலும் முள்ளும் பிலாத்துக்கு, பிள்ளை பெற்றவள்.

நடுத்துண்டை எடுத்து, பழக்கத்தில் அவர் தட்டைத் தேடினேன். பிறகு என் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புளி கொஞ்சம் தூக்கல், தேய்த்துப் புதுசாக்கின சட்டி இன்னும் பழகவில்லை. அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டேன்.